குமரி மாவட்டத்தில் பழைய வீடு வாங்கும் முன்: எங்கே, எதை, எப்படிப் பார்ப்பது

மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம், கருங்கல், குளச்சல் பக்கம் கட்டி முடித்துப் பத்து முப்பது வருடமான வீட்டை விலை பேசப் போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. ஒற்றிக்கோ வாடகைக்கோ பார்க்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். இந்த மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால் இங்கே ஒரு வீடு வருடத்தில் பாதி நாள் ஈரத்தில் நிற்கிறது. பழுதுகளில் பெரும்பகுதி தண்ணீர் கொண்டுவந்தது. கறையைப் பார்ப்பது சுலபம். தண்ணீர் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று தெரிந்தால்தான் செலவு தெரியும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கறைகளில் ஒன்று உடைந்த கூரை ஓடு ஒன்றை மாற்றினால் தீர்ந்துவிடும். இன்னொன்றுக்குக் காங்கிரீட் தளத்தையே கொத்த வேண்டியிருக்கும்.

போகும் நேரமும் கொண்டுபோகும் சாமானும்

ஜூன் கடைசி, ஜூலை, அக்டோபர் கடைசி, நவம்பர் ஆகியவை நல்ல நேரம். இரண்டு நாள் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். கோடையில்தான் போக முடியும் என்றால் பெயிண்டின் வயதைப் பாருங்கள். வீடு முழுக்கப் பழைய பெயிண்டாக இருக்கும்போது ஓர் அறையின் ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட், ஹாலில் மட்டும் புதிதாக ஃபால்ஸ் சீலிங், படுக்கையறைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் அல்லது பிவிசி பலகை என்று இருந்தால், அந்த இடத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஒரு விளக்கைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டை வழியாக செல்போனை மேலே நீட்டி வீடியோ எடுங்கள். தளத்தின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: வெளிச்சம் கூடிய டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், மூன்று பின் சாக்கெட் டெஸ்டர், ஏடிஎம் கார்டு, ஐந்து ரூபாய் நாணயம், ஒரு கோலிக்குண்டு, பென்சில், அளவு டேப், ஒன்றரை அடி சதுரத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்று, ஒட்டும் டேப். ஏணியை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கலாம். டார்ச்சைச் சுவருக்கு நேரே அடிக்காதீர்கள். சுவரோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் ஒளியை ஓடவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் சமமாகத் தெரிந்த சுவரில் பட்டி பார்த்து மூடிய வெடிப்பு ஒரு நீண்ட தழும்பாக எழுந்து தெரியும். அடைத்த கதவின் விளிம்பும் தெரியும். பெயிண்டுக்கு அடியில் உப்பு தள்ளிய கொப்புளங்களும் தெரியும்.

முதலில் வெளியே ஒரு சுற்று

வீட்டுக்குள் போகும் முன் மண்ணைப் பாருங்கள். இந்தப் பகுதியில் வயலையோ சிறு குளத்தையோ மண் போட்டு நிரப்பி வீடு கட்டிய இடங்கள் பல உண்டு. ரோட்டை விட மனை தாழ்ந்திருப்பது, பக்கத்தில் இன்னும் வயலோ வாழைத்தோட்டமோ இருப்பது, மழை ஓய்ந்து ஒரு நாள் ஆன பிறகும் முற்றத்தில் கால் புதைவது ஆகியவை அடையாளம். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பார்த்தால் நஞ்சையா புஞ்சையா என்று தெரிந்துவிடும். 1956 நவம்பர் 1 அன்று, இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேரும் வரை விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. ஆகவே மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு நான்கெல்லையை வாசிக்கச் சொல்லுங்கள். இப்போது மேடாக இருக்கும் பக்கத்தில் அன்றைக்குத் தோடோ (ஓடை) குளமோ எல்லையாக எழுதியிருந்தால், வீட்டின் அந்த மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

சரிவான இடம் என்றால், மண் சரியாமல் கட்டிய கருங்கல் கட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நடுப்பகுதி வெளியே புடைத்திருக்கக் கூடாது. தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளில் மழைக்குப் பிறகு நீர் கசிய வேண்டும். ஓட்டையே இல்லாமலோ, எல்லாம் மண் அடைத்தோ இருந்தால் பின்னால் தேங்கும் நீரின் கனம் முழுவதும் அந்தக் கட்டின் மேல்தான். கட்டு இடிந்து திரும்பக் கட்டுவதற்கு ஆகும் பணம், வீட்டுக்குள் செய்யும் பல வேலைகளைவிடப் பெரிது.

பேஸ்மட்டத்தை ஒட்டிப் புது மண் குவியலாகக் கிடந்தால் அது பெருச்சாளி வளை. தரைக்கு அடியில் நிரப்பிய மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். வீட்டுக்குள் அதே மூலையில் தரையை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு டைல்ஸ் மட்டும் பொள்ளலாக (உள்ளே வெற்றிடம் போல) கேட்டால் கலவை சரியாகப் பரவாமல் பதித்தது, பெரிய குற்றமில்லை. சுவரோரம் முழுக்கப் பொள்ளல், கீழ்ச் சுவர்ப் பட்டைக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி, கோலிக்குண்டை வைத்தால் அந்த மூலைக்கே ஓடுகிறது என்றால் தரை இறங்கிவிட்டது. அங்கே தரையைப் பெயர்த்து மண் இட்டு, தண்ணீர் விட்டு, இறுகக் குத்திய பிறகே மறுபடி போட வேண்டும்.

கைப்பிடிச் சுவரிலோ சன்ஷேடிலோ அரசங்கன்று முளைத்திருந்தால் இலையை மட்டும் கிள்ளிய வீடா, வேரோடு எடுத்த வீடா என்று பாருங்கள். வேர் உள்ளே இருக்கும் வரை ஒவ்வொரு மழைக்கும் வெடிப்பு விரியும்.

கூரை

ஓட்டு வீட்டில் உள்ளே நின்று விளக்கை அணைத்து மேலே பார்த்தால் உடைந்த ஓடு ஒளிப் புள்ளியாகத் தெரியும். அது சின்ன வேலை. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 தேவைப்படும், மாற்றிவிடலாம். கூர்ந்து பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள். ஒன்று, ஓடுகளைத் தாங்கும் சாய்ந்த மரச்சட்டமான கழுக்கோலின் முனை சுவர்மேல் உட்காரும் இடம். அங்கே ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். நல்ல அயனி, தேக்கு, முற்றிய பலா என்றால் முனை உள்ளே போகாது. இரண்டு செ.மீ. வரை புகுந்தால் அந்தக் கழுக்கோல் உளுத்துவிட்டது. இன்னொன்று, இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாய். அதில் போட்ட தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மொத்தக் கூரைத் தண்ணீரும் ஒரே சுவருக்குள் இறங்கும். பின்னால் இழுத்துக் கட்டிய சாய்ப்பில் சரிவு குறைந்து போயிருப்பதும் வழக்கம். ஓடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரிவு போதாவிட்டால் காற்றோடு அடிக்கும் மழை அடியில் ஏறும்.

காங்கிரீட் வீட்டில் மட்டுப்பாவுக்கு (மொட்டை மாடிக்கு) ஏறிப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடம் காய்ந்த பிறகும் கறுத்த வட்டமாகப் பாசித் தடம் விட்டிருக்கும். தளத்தின் சரிவு நூறு அடிக்கு ஒரு அடியாவது இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்காரர் சம்மதத்தோடு வடிகுழாய்களை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கம்பி தெரிய உதிர்ந்த தளத்தில் இதைச் செய்யக் கூடாது.

இப்போது பெரும்பாலான வீடுகளில் மட்டுப்பாவுக்கு மேலே இரும்புச் சட்டம் போட்டு ஷீட் வேய்ந்திருக்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் நல்லதுதான். ஆனால் எப்போது போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள். தளம் ஒழுகியதற்குப் பிறகு போட்டிருந்தால், மேலே நனைவது நின்றிருக்கும். ஏற்கனவே உள்ளே துருப்பிடித்த கம்பி அப்படியே இருக்கும். சட்டத்தின் கால்கள் தளத்தில் எப்படிப் பிடித்திருக்கின்றன என்றும் பாருங்கள். தகட்டை வைத்து நான்கு போல்ட் போட்டிருக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் மரங்களும் கூரைகளும் எவ்வளவு போயின என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஷீட்டைப் பிடித்த ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஒழுக்கு.

நாளைக்கு மாடி எடுக்கலாம் என்று தூண்களின் மேல் விட்டு வைத்த கம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் மழையில் நின்ற கம்பி துருப்பிடித்து மெலிந்திருக்கும். அதோடு அந்தக் கம்பி வழியாகவே நீர் தூணுக்குள் இறங்கும். கம்பி புறப்படும் அடியில் பழுப்புக் கறையும் மயிரிழை வெடிப்பும் இருந்தால், 'மேலே இன்னொரு மாடி எடுக்கலாம்' என்ற பேச்சை விலையில் சேர்க்க வேண்டாம்.

வெடிப்பைப் படிப்பது

எந்த வெடிப்பைக் காட்டினாலும் "அது பூச்சு வெடிப்பு அண்ணாச்சி, ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். பல நேரம் அது உண்மைதான். உண்மையா என்று பார்ப்பதற்கு மூன்று கேள்விகள்: எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு அகலம், சுவரின் இரு பக்கமும் தெரிகிறதா?

சிலந்தி வலை மாதிரி மேலோட்டமாகப் பரவியது பூச்சு சுருங்கியதால் வந்தது. சுவிட்ச் போர்டிலிருந்து நேர்கோடாக மேலே போவது, வயர் குழாய்க்கு வெட்டிய காடியைச் சரியாக மூடாததால் வந்தது. காங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்குத்தாக வருவது, அங்கே வலை வைத்துப் பூசாததால் வந்தது. தளத்துக்குச் சற்றுக் கீழே சுவர் முழுக்கப் படுக்கைக்கோடாக ஓடுவது, வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. மேல்மாடி அறைகளில் அதிகம். இவை எல்லாம் கண்ணுக்கு உறுத்தும், வீட்டை வீழ்த்தாது.

கவலைப்பட வேண்டியவை வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது, வெட்டுக்கல் (செம்புரைக்கல்) இணைப்புகளில் படிப்படியாக இறங்குவது, ஒரு முனையில் மெலிந்து மறு முனையில் விரிவது ஆகியவை அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டும். பழைய வீட்டோடு பிற்பாடு சேர்த்த அறையின் சந்திப்பில் நெட்டுக்குத்தாக இருப்பது, இரண்டு அஸ்திவாரமும் வெவ்வேறு அளவில் இறங்கியதால் வந்தது. பெரும்பாலும் சில வருடங்களில் நின்றுவிடும், நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. கார்டின் ஓரம் வெடிப்புக்குள் நுழைந்தால் அதை மயிரிழை என்று விட முடியாது. உள்ளே பார்த்த இடத்துக்கு நேர் வெளிப்புறம் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே கோடு இருந்தால் அது பூச்சைத் தாண்டிச் சுவரிலேயே இருக்கிறது. வெடிப்பின் முனையில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி, அகலத்தையும் எழுதுங்கள். வெடிப்புக்குள் தூசும் பழைய பெயிண்டும் அடைந்திருந்தால் பழையது. விளிம்பு கூராக, உள்ளே சுத்தமாக இருந்தால் இப்போது நடந்துகொண்டிருப்பது.

தளத்தின் அடியிலோ பீமின் அடியிலோ கம்பி ஓடும் திசையிலேயே, சம இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் அது கம்பித் துரு. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரம் நெடுகக் காணலாம். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்கும்போது காங்கிரீட்டைப் பிளக்கும். காரணம் பெரும்பாலும் மூன்று: கடல் மணலோ உப்புத் தண்ணீரோ கலந்தது, கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை அடியில் வைக்காமல் சென்ட்ரிங் பலகையிலேயே கம்பியைக் கிடத்தியது, பிற்பாடு ஒழுகியது. கம்பியை மூடியிருக்க வேண்டிய காங்கிரீட், இந்தியத் தரக் கையேட்டின்படி மழையும் உப்புக் காற்றும் படாத இடத்தில் குறைந்தது 20 மி.மீ., கடற்கரையில் 45 மி.மீ. பழைய சன்ஷேடுகளில் கைவிரல் தடிமன்கூட இருக்காது. சன்ஷேடு, பால்கனி, குளியலறைக் கூரை, அடுக்களைக் கூரை ஆகிய நான்கின் அடிப்பக்கத்தையும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. மங்கிப் பொள்ளலாகக் கேட்டால் உள்ளே அடுக்குப் பிரிந்துவிட்டது. தலைக்கு நேர் மேலே நின்று தட்டாதீர்கள்.

இதற்குச் சிமெண்ட் பூசி மூடுவது வீண் செலவு. கம்பிக்குப் பின்னால் இரண்டு செ.மீ. வரை கொத்தி, கம்பியைப் பளபளப்பாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையை அடுக்கடுக்காக அடைப்பதுதான் வேலை. கம்பி கால்வாசிக்கு மேல் அரித்துப் போயிருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். கட்டட இன்ஜினியர் பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது. சன்ஷேடில் இருந்தால் விலை பேசலாம். தூண்களிலும் பீம்களிலும் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே எங்கள் யோசனை.

ஓதம்

ஓதம் என்பது சுவர் ஈரம். அதில் குறைந்தது நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றும் தன் வடிவத்தைக் காட்டிக் கொடுக்கும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை, சுவர் நெடுக ஒரே மட்டத்தில் அலைபோல நின்று, மேல் விளிம்பில் வெள்ளை உப்பு பூத்திருந்தால் அது கீழிருந்து ஏறும் ஓதம். அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் பூச்சு போடாத பழைய வெட்டுக்கல் வீடுகளில் இது சகஜம். வெளிச்சுவரில், குறிப்பாக மேற்கிலும் தென்மேற்கிலும், ஜன்னலைச் சுற்றியும் சன்ஷேடு சேரும் கோட்டிலும் திட்டுத்திட்டாக இருந்தால் மழை சுவரில் அடித்து இறங்கியது. குளியலறைச் சுவரின் மறுபக்கம், வெயில்காலத்திலும் காயாமல் ஒரே இடத்தில் நிற்பது குழாய்க் கசிவு. மழைக்காலத்தில் மட்டும் சுவர் முழுக்க வேர்த்து, வெயில் வந்ததும் காய்ந்து, மறுபடி வேர்ப்பது உப்புள்ள மணலால் பூசிய சுவர். காற்றின் ஈரத்தை அது தானே இழுக்கும்.

எது என்று புரியாவிட்டால் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே, சுவரை ஒட்டிய பக்கம் துளித்துளியாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு இங்கே வழக்கமாகச் செய்வது நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது. அதனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறி அங்கே பூக்கும். வெளியே தரைமட்டத்தைச் சுவரின் அடியிலிருந்து விலகிச் சரியும்படி வெட்டி, தாழ்வாரத் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்புறப்படுத்தி, பேஸ்மட்டத்துக்கு மேல் ஏறிக் கிடக்கும் மண்ணை அகற்றினாலே பாதி வீடுகளில் ஓதம் கண்கூடாகக் குறையும். முதலில் இதைச் செய்து ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே சுவருக்குள் ஈரத்தடுப்பு மருந்து ஏற்றும் வேலைக்குப் பணம் கொடுங்கள்.

பூச்சில் சின்னச் சின்னச் சிப்பித் துணுக்குகள் தெரிந்தால் புதியவர்கள் பயந்து போவார்கள். சாவியால் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் அது சிமெண்ட். சிப்பி வந்தது கடல் மணலோடு. பயம் நியாயம்தான். வெள்ளையாக, மிருதுவாக உதிர்ந்தால் அது சிப்பிச் சுண்ணாம்பில் பூசிய பழைய சுவர், நல்ல சுவர். அதன் மேல் சிமெண்டோ எமல்ஷனோ ஏற்றாமல் சுண்ணாம்பாலேயே பழுது பார்த்தால் இன்னும் பல காலம் நிற்கும்.

மரம்

கதவு நிலைக்கால்களின் அடி, படிக்கட்டுக்குக் கீழே, சுவரலமாரியின் முதுகு, சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம் ஆகிய இடங்களில் மண் கோடு ஏறியிருந்தால் கறையான். கோட்டை ஓரிடத்தில் உடைத்து விட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. மண்ணே இல்லாமல், கீழே மாவு போலத் தூள் கொட்டி, மரத்தில் ஊசிமுனை அளவு வட்ட ஓட்டைகள் இருந்தால் உளு வண்டு. மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் செய்த அலமாரி, கட்டிலில் இது மிக அதிகம். தூள் மாவாக இல்லாமல் கசகசா போலக் குறுணையாக இருந்தால் உலர்மரக் கறையான். அதற்கு மண் தொடர்பு தேவையில்லை, அந்த மரத்தையே கவனிக்க வேண்டும்.

கட்டிய வீட்டுக்கு மருந்து அடிக்க, சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை செலுத்துவார்கள். வீட்டை ஒட்டிக் கிணறு இருந்தால் அந்தப் பக்கம் இதைச் செய்ய விடாதீர்கள்.

குளியலறை, வடிகால்

ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிப் பத்து நிமிடம் பொறுங்கள். மூலையில் தேங்கினால் சரிவு தவறு. டைல்ஸைப் பெயர்க்காமல் தீராது. பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றம் அடித்தால் உடனே செப்டிக் டேங்கைக் குறை சொல்ல வேண்டாம். தரைத் தூம்பின் கீழே நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கும். ஒவ்வொரு தூம்பிலும் இரண்டு செம்பு தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் நாற்றம் வந்தால்தான் பழுது.

கரண்ட்

முதலில் மெயின் போர்டு. கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஆர்சிசிபி இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியரா என்று பாருங்கள். சோதனைப் பொத்தானை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். மழை பெய்தால் விழுகிறது என்பதற்காக அதைச் சுற்றி நேரே வயர் கொடுத்து வைத்த வீடுகள் உண்டு. மழையில் விழுகிறது என்றால் வெளி விளக்கிலோ சுவருக்குள் உள்ள பெட்டியிலோ நீர் இறங்குகிறது என்று அர்த்தம். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கெய்சருக்கும் ஏசிக்கும் 4 சதுர மி.மீ. வயர் வேண்டும். 2.5 வயரில், சுமை கூடினால் அணையும் எம்சிபியை 32 ஆம்பியரில் போட்டிருந்தால் வயர் கருகிய பிறகுதான் எம்சிபி விழும். மரப்பட்டியில் ஓடும் பழைய ரப்பர் வயரிங் என்றால் மொத்தமாக மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

பலரைக் குழப்பும் இரண்டு விஷயங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்குவது ஒன்று. சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தாலோ, வயர்கள் நீண்ட தூரம் ஒட்டி ஓடினாலோ இப்படி வரலாம். ஆனால் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே மினுக்கம் வரும். அப்படியானால் அணைத்த ஹோல்டரிலும் கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, மெயின் ஆனில் இருக்க, வீட்டில் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் மீட்டரின் சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னுவது. எங்கோ கசிவு, அல்லது பக்கத்து வீட்டு மோட்டாரோ சாய்ப்போ இந்த மீட்டரில் ஓடுகிறது. பாகம் பிரிந்த குடும்ப வீடுகளில் இரண்டாவது காரணத்தை மறக்காமல் பாருங்கள்.

மூன்று பின் சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகாது. ஒவ்வொன்றிலும் சாக்கெட் டெஸ்டரைச் செருகுங்கள். எர்த் குழி எங்கே என்று கேட்டு அதையும் பாருங்கள். குழாயைத் தொட்டால் சுள்ளென்று உறைத்தால் அங்கேயே மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, எலக்ட்ரீஷியன் வரும் வரை வீடு பார்ப்பதை நிறுத்துங்கள்.

கிணறும் செப்டிக் டேங்கும்

இங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் கிணறுதான் குடிநீர். மனையோ ஐந்து சென்ட், ஆறு சென்ட். இந்தியத் தரக் கையேடு கழிவுநீர் ஊறும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் கேட்கிறது. கேரளக் கட்டட விதி 7.5 மீட்டர். டேப் பிடித்து அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து நான்கு பக்கமும் அளக்க வேண்டும்; தண்ணீருக்கு மதில் தெரியாது. வெட்டுக்கல் மண் நுண் துளைகள் நிறைந்தது, அழுக்கு நீர் அதில் சீக்கிரம் ஓடும். செப்டிக் டேங்க் என்று காட்டுவது அடியில் காங்கிரீட் போடாத வெறும் குழியாக இருப்பதும் உண்டு. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை லாரி வந்து எடுக்கிறது என்று கேளுங்கள். "இருபது வருஷமா எடுக்கவே இல்ல" என்று பெருமையாகச் சொன்னால், அது மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். கோலிஃபார்ம் (கிருமிக் கலப்பைக் காட்டுவது), பிஎச் (புளிப்பின் அளவு), இரும்பு மூன்றையும் கேளுங்கள். வடக்கே மலைப்பக்கம் கிணற்று நீர் புளிப்புத் தன்மையோடு இருப்பது வழக்கம். பித்தளைக் குழாய்க்குக் கீழே பச்சை நீலக் கறை இருந்தால் அதுதான். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை அது சீக்கிரம் தின்னும். தற்காலிகமாகக் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் இடுவதானால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம். இரண்டு மீட்டர் அகலக் கிணற்றில் மூன்று மீட்டர் நீர் இருந்தால் சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் போதும். கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். குழி பக்கத்தில் இருந்தால் இது தீர்வாகாது.

மொட்டை மாடியிலோ சுவரோரத்திலோ எதற்கென்று தெரியாமல் நிற்கும் ஒற்றைக் குழாய், பெரும்பாலும் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய். அசிங்கமாக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள்.

புரியாமல் நிற்கும் சில

பின்கட்டில் சிமெண்ட் தரை ஓரிடத்தில் மட்டும் அரித்து ஜல்லி தெரிய இருக்கிறதா? பக்கத்தில் நான்கு போல்ட் ஓட்டைகளும் இருக்கிறதா? அங்கே ரப்பர் ஷீட் அடித்திருக்கிறார்கள். ரப்பர் பாலை உறைய வைக்க விடும் ஃபார்மிக் ஆசிட் சிமெண்டைத் தின்னும். ஓட்டைகள் ரோலர் நின்ற இடம். மேலே கழுக்கோல் கறுத்திருப்பது ஷீட் புகைபோட்ட கரி. தீப்பிடித்ததா என்று அஞ்ச வேண்டாம். சுரண்டினால் அடியில் மரம் பழுதில்லாமல் இருக்கும்.

ஓட்டின் அடியில் கம்பெனி பெயர் இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அதன் ஓடுகள் இன்னும் சில கூரைகளில் கிடக்கின்றன. அதைக் காட்டி வீட்டின் வயதைச் சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ஓடுகளை வாங்கிப் புது வீட்டுக்கு வேய்வது இங்கே வழக்கம்.

சுவரில் கதவு வடிவத் தழும்பு தெரிந்தால், மறுபக்கம் யாருடையது என்று கேளுங்கள். பாகம் பிரித்தபோது அடைத்த கதவாக இருந்தால் அந்தச் சுவர் பொதுச்சுவர். அதைத் தொட உங்களுக்கு எவ்வளவு உரிமை, அந்தப் பக்கத்துக் கூரைத் தண்ணீர் எந்த விளையில் (மனையில்) விழலாம் என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்த்த பிறகு

கண்டதை எல்லாம் அறைவாரியாக எழுதி, போட்டோவோடு வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் மூவரிடமும் தனித்தனியாக மதிப்பு வாங்குங்கள். சாய்வு வெடிப்போ கம்பித் துருவோ இருந்தால் வீட்டுக்காரரோடோ தரகரோடோ தொடர்பில்லாத கட்டட இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போங்கள். அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாத அக்ரிமெண்ட் போடுகிறீர்கள் என்றால், போட்ட அன்றே வெடிப்புகளில் பென்சில் கோடும் தேதியும் இட்டு, 'குறிப்பிட்ட வெடிப்பு விரிந்தாலோ கூரை ஒழுகினாலோ பழுதுச் செலவு விலையில் கழியும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு பெருமழையாவது வரும்படி தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.